உச்சி வெயிலில் மிகுதி, விளக்கு வைக்கும் நேரத்தில் குறை
வாசகர் கேள்வி – பதில்

கூரைச் சூரிய மின்சாரம் பற்றியும் மின்வெட்டு பற்றியும் திருகோணமலை மாவட்டத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளுக்கு இந்த இதழில் சேர்த்துப் பதில் அளிக்கிறோம்.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போனதற்குப் பாணந்துறையில் ஒரு குரங்குதான் காரணம் என்றார்கள். பிறகு சூரிய மின்சாரம் கூடிப்போனதே காரணம் என்றார்கள். எதை நம்புவது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், உப்புவெளி

பதில்: தொடங்கி வைத்தது பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஏற்பட்ட பழுது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு துணைமின்நிலையத்தின் பழுது அந்த வட்டாரத்தோடு நிற்காமல் தீவு முழுவதையும் ஏன் இருளில் தள்ளியது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. குரங்குக்கு அதில் பங்கில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11 மணி கடந்த வேளை. அலுவலகங்களும் பெரும்பாலான தொழிற்சாலைகளும் மூடியிருந்ததால் தேவை குறைந்திருந்தது. வானம் தெளிவாக இருந்ததால் கூரைகளும் சூரியப் பூங்காக்களும் நாட்டின் தேவையில் ஏறத்தாழ பாதியை வழங்கிக்கொண்டிருந்தன. அந்த அளவுக்கு நீர், நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றால் சுழலும் பெரிய மின்பிறப்பாக்கிகள் குறைவாகவே ஓடின. நமது மின்வலையமைப்பு 50 ஹேர்ட்ஸ் மீடிறனில், அதாவது மின்னோட்டம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடும் வேகத்தில், இயங்குகிறது. உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு கணமும் சமமாக இருந்தால்தான் அந்த எண் நிலைக்கும். உற்பத்தி குறைந்தால் மீடிறன் விழும், மிகுந்தால் ஏறும். பல தொன் எடையுள்ள சுழலிகள் ஓடும்போது அவற்றின் சடத்துவம் இந்த வீழ்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. அரைத்துக்கொண்டிருக்கும் திரிகைக் கல்லிலிருந்து கையை எடுத்த பின்னும் கல் சில சுற்றுகள் தானாகச் சுற்றுவதில்லையா, அதைப் போன்றதுதான் இது. அந்தச் சில விநாடிகளுக்குள் மற்ற நிலையங்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் வாயிலைத் திறந்து கூடுதல் நீரையோ நீராவியையோ விட்டுச் சமாளித்துவிடும். சூரியப் படலத்தில் சுழல்வது எதுவும் இல்லை. படலத்தின் நேரோட்டத்தை வீட்டுப் பாவனைக்கான ஆடலோட்டமாக மாற்றும் அதன் இன்வேட்டர், வலையமைப்பின் மீடிறனைப் பார்த்து அதைப் பின்தொடர்கிறதே தவிர, அதைத் தாங்கிப் பிடிப்பதில்லை. எனவே சடத்துவம் குறைந்த ஒரு நண்பகலில் பழுது ஏற்பட்டால், மீடிறன் வழக்கத்தைவிடப் பலமடங்கு வேகமாக ஆடுகிறது. கருவிகள் விழித்துக்கொள்ளும் முன்பே எல்லை கடந்துவிடுகிறது.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு சிக்கலும் உண்டு. மீடிறன் விழுந்தால் சில பகுதிகளின் விநியோக வழிகளைத் தானாகத் துண்டித்துச் சுமையைக் குறைக்கும் ஏற்பாடு ஒவ்வொரு வலையமைப்பிலும் இருக்கிறது. அந்த ஏற்பாடு வகுக்கப்பட்ட காலத்தில் ஒரு விநியோக வழி என்றால் அது சுமை மட்டுமே. இன்றைக்கு அதே வழியில் நூற்றுக்கணக்கான கூரைகள் உள்ளன. நண்பகலில் அதைத் துண்டித்தால் சுமையோடு உற்பத்தியும் போய்விடுகிறது. சில வழிகளில் போவது உற்பத்தியாகவே கூட இருக்கலாம். அப்படியானால் காப்பாற்ற வந்த ஏற்பாடே நிலையை மோசமாக்கிவிடும்.

அன்று நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன. நிலக்கரிக் கொதிகலனை மீண்டும் சூடாக்கி முழுத் திறனுக்குக் கொண்டுவர நாட்கள் எடுக்கும். பின்வந்த நாட்களில் நாம் சுழற்சி முறையில் அனுபவித்த மின்வெட்டு அதனால் வந்தது. சூரிய மின்சாரம் கூடியது குற்றமன்று. அது கூடும் வேகத்துக்கு ஈடாக தேவைக்கேற்ப உற்பத்தியை விரைவாகக் கூட்டிக் குறைக்கும் வலையமைப்பின் நெகிழ்வுத்தன்மை வளர்க்கப்படவில்லை என்பதே குறை. இவ்வளவு கூரைகள் வரப்போகின்றன என்பது 2016 இல் கூரைச் சூரிய மின்சாரத் திட்டம் பெரிய அளவில் தொடங்கப்பட்டபோதே தெரிந்த விடயம்.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தொகுதிகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. இலவசமாக வரும் வெயிலை வீணாக்குவதற்குப் பதிலாக நுரைச்சோலையை நிறுத்தியிருக்கலாமே?
— வங்கி உத்தியோகத்தர், திருகோணமலை நகரம்

பதில்: 2025 ஏப்ரல் 13 முதல் 21 வரை ஒவ்வொரு நாளும் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்குமாறு கேட்கப்பட்டது. உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் நிலக்கரி இயந்திரத்தை மின்விசிறியைப் போல நிறுத்திப் போட முடியாது. நுரைச்சோலையில் 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கீழெல்லை உண்டு. அதற்குக் கீழே போனால் கொதிகலனில் தீ சீராக எரியாது. முழுவதும் நிறுத்தினாலோ, அன்று மாலைக்கு அது கிடைக்காது.

மாலைதான் இங்கே உண்மையான சோதனை. இலங்கையில் மின்சாரத் தேவை உச்சத்தை எட்டுவது மாலை 6.30 இலிருந்து இரவு 10.30 வரை. சூரியனோ ஆறேகாலுக்கெல்லாம் விடைபெற்றுவிடுகிறது. நண்பகலில் பாதிச் சுமையைத் தாங்கிய ஒரு மூலம் சில மணித்தியாலங்களில் பூச்சியத்துக்கு இறங்க, அதே நேரத்தில் வீடுகளில் விளக்கும் தொலைக்காட்சியும் அடுப்பும் ஏறத் தொடங்க, இடைப்பட்ட அந்தச் செங்குத்தான ஏற்றத்தை நீர்மின் நிலையங்களும் எண்ணெய் நிலையங்களும்தான் ஏறி முடிக்கின்றன. அதற்காகப் பகலிலேயே சில இயந்திரங்களைக் குறைந்த அளவில் ஓட்டி ஆயத்தமாக வைக்க வேண்டியிருக்கிறது. புத்தாண்டில் நாட்டின் தேவை மிகவும் இறங்கும்போது, அந்தக் குறைந்தபட்ச ஓட்டத்துக்கே இடமில்லாமல் போகிறது.

ஆகவே வேண்டுகோளின் காரணம் சரியானது. முறை மிகவும் பழையது. இலட்சக்கணக்கான மக்களிடம் ஆளியைக் கையால் இறக்கச் சொல்வது ஒரு வலையமைப்பை நடத்தும் வழியன்று. தென் அவுஸ்திரேலியாவில் 2020 செப்டெம்பர் முதல் புதிதாகப் பொருத்தப்படும் கூரைத் தொகுதிகளை அவசர வேளையில் தொலைவிலிருந்து நிறுத்தும் வசதி கட்டாயமாக்கப்பட்டது. அங்கும் அது கடைசிக் கருவிதான். ஆண்டில் மிகச் சில மணித்தியாலங்களுக்கு மேல் அதைத் தொடக் கூடாது. அப்படித் தொடும்போது, கடன் வாங்கிக் கூரை போட்டவருக்கு என்ன ஈடு என்பதும் முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். இங்கே அது எழுத்தில் இல்லாததுதான் உங்களைப் போன்றவர்களின் கோபத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

கூரையில் படலம் இருந்தும் கரண்ட் போனால் எங்கள் வீடும் இருட்டாகிறதே?
— இல்லத்தரசி, நிலாவெளி

பதில்: வலையமைப்பில் மின் இல்லாதபோது உங்கள் இன்வேட்டர் தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால், செத்த கம்பி என்று நம்பித் தூணில் ஏறும் ஊழியரின் உயிருக்கு அது யமனாகிவிடும். பற்றரியும், வலையிலிருந்து வீட்டைப் பிரித்துவிட்டுத் தனித்து இயங்கும் கலப்பு வகை இன்வேட்டரும் இருந்தால் மட்டுமே இருட்டில் விளக்கெரியும்.

எங்கள் ஒழுங்கையில் ஏழெட்டு வீடுகளுக்குச் சோலார் இருக்கிறது. நல்ல வெயிலில், பதினொரு மணிக்குப் பிறகு, எங்கள் இன்வேட்டர் நின்று நின்று ஓடுகிறது. பொருத்திக் கொடுத்த நிறுவனம் இன்வேட்டரில் பிழையில்லை என்கிறது. யாரிடம் போவது?
— அரச ஊழியர், கிண்ணியா

பதில்: அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அடுத்த முறை நிற்கும்போது இன்வேட்டரின் திரையில் தெரியும் மின்னழுத்த எண்ணைப் பார்த்துக் குறித்து வையுங்கள். நமது வீடுகளுக்கான அழுத்தம் 230 வோல்ட். கூட்டியோ குறைத்தோ 6 சதவீதம் என்று கொண்டால், மேல் எல்லை 244 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே வரும். மின்மாற்றியிலிருந்து வரும் கம்பி நீளமாகவும் மெலிதாகவும் இருந்து, அதன் கடைசியில் நீங்கள் இருந்தால், ஒழுங்கையின் கூரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும்போது உங்கள் பக்கத்தில் அழுத்தம் ஏறுகிறது. எல்லை கடந்ததும் இன்வேட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்கிறது. அழுத்தம் இறங்குகிறது, சில நிமிடங்களில் மீண்டும் இணைகிறது, மீண்டும் ஏறுகிறது. மின்மாற்றிக்கு அருகிலுள்ள வீட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை இராது. அவருடைய மீற்றர் ஓட உங்களுடையது நிற்கும்.

தீர்வு பெரும்பாலும் மின்சார சபையின் பக்கத்தில் இருக்கிறது. மின்மாற்றியின் அழுத்தப் படியை ஒரு நிலை இறக்கலாம். தடித்த கம்பி போடலாம். எல்லா வீடுகளும் மூன்று மின்கட்டங்களில் (phase) ஒன்றிலேயே இணைக்கப்பட்டிருந்தால் மூன்று கட்டங்களுக்கும் பிரித்து இணைக்கலாம். இன்வேட்டரிலும் ஓர் அமைப்பு உண்டு. அழுத்தம் ஏறும்போது முழுவதும் நிற்பதற்குப் பதிலாக உற்பத்தியைச் சிறிது சிறிதாகக் குறைக்கவும், எதிர்வினை மின்திறனை (வேலை எதுவும் செய்யாமல் கம்பியில் போய்வந்துகொண்டிருக்கும் மின்திறனை) உறிஞ்சி அழுத்தத்தை இறக்கவும் அதைப் பணிக்கலாம். ஆனால் அதை நீங்களாகவோ பொருத்தியவராகவோ மாற்றக் கூடாது. சபை அனுமதித்த அளவுகளிலேயே மாற்ற வேண்டும். உங்கள் முறைப்பாட்டில் திகதி, நேரம், வோல்ட் ஆகியவற்றைக் குறித்த ஒரு தாள் இணைந்திருந்தால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம். அழுத்தக் கட்டுப்பாடு சிறிய விடயமன்று. 2025 ஏப்ரல் 28 இல் ஸ்பெயினும் போர்த்துகலும் முழுவதும் இருண்டதற்கு, அழுத்தம் கட்டுமீறி ஏறி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டதே காரணம் என்று ஐரோப்பிய நிபுணர்கள் கண்டறிந்தனர்.

மகாவலி எங்கள் கொட்டியாரக்குடாவில்தான் கடலில் சேர்கிறது. பகலில் சூரியன், இரவில் மகாவலி என்று வைத்துக்கொண்டால் பற்றரியே தேவையில்லையே?
— விவசாயி, மூதூர்

பதில்: இந்தக் கேள்விக்குள் பாதிப் பதில் இருக்கிறது. நீர்மின் நிலையம்தான் நம்மிடம் உள்ள மிகச் சிறந்த நெகிழ்வு. விக்டோரியாவின் 210 மெகாவாட்டும் கொத்மலையின் 201 மெகாவாட்டும் சில நிமிடங்களில் எழுந்து நிற்கக்கூடியவை. பகலில் நீரைத் தேக்கி வைத்து மாலையில் திறப்பது இன்றும் நடக்கிறது. சூரிய மின்சாரம் கூடக்கூட இன்னும் அதிகமாக நடக்கும்.

ஆனால் மகாவலி நீருக்கு மின்சாரம் மட்டுமே எசமானன் அன்று. பொல்கொல்லையில் திருப்பப்படும் நீர் உக்குவளையிலும் போவத்தன்னையிலும் தலா 40 மெகாவாட் நிலையங்களைச் சுழற்றிவிட்டு, அம்பன் கங்கை வழியாக எலஹெரவுக்கு வந்து, மின்னேரியா, கவுடுல்லை குளங்களைக் கடந்து கந்தளாய் வரை வருகிறது. எனவே பொல்கொல்லையில் எப்போது, எவ்வளவு திறப்பது என்பதைத் தீர்மானிக்கும்போது கந்தளாய் வயலின் சிறுபோகமும், திருகோணமலை நகரத்துக்குக் குளத்திலிருந்து வரும் குடிநீரும் கணக்கில் வருகின்றன. நாளுக்குள் சில மணித்தியாலங்கள் முன்பின்னாக நகர்த்துவதற்கு நீர்த்தேக்கங்கள் இடம் கொடுக்கும்; வயலுக்குத் தண்ணீர் வேண்டிய கிழமையை இன்னொரு கிழமைக்கு நகர்த்த இடம் கொடுக்காது. மழை பொய்த்த ஆண்டில் நகர்த்துவதற்கு நீரே இருக்காது.

ஆகவேதான் மேலும் கீழுமாக இரு நீர்த்தேக்கங்களைக் கட்டி, நண்பகல் மின்மிகையால் நீரை மேலே ஏற்றி, மாலையில் இறக்கி மின்னெடுக்கும் முறை பேசப்படுகிறது. மகா ஓயாவில் 600 மெகாவாட் திட்டம் பல ஆண்டுகளாக ஆய்வில் உள்ளது. ஏற்றி இறக்குவதில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு இழப்பு ஏற்படும். நண்பகலில் வீணாகும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய இழப்பன்று. தமிழ்நாட்டில் கடம்பாறையில் 400 மெகாவாட் கொண்ட இத்தகைய நிலையம் 1980களின் இறுதியிலேயே இயங்கத் தொடங்கியது. மேலும், ஓடும் சுழலி என்பதால் பற்றரியால் இயல்பாகத் தரமுடியாத சடத்துவமும் இதனோடு கிடைக்கிறது. குறை காலம்தான். மலையைக் குடைந்து கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் வேண்டும். பற்றரிக் கொள்கலன்களை ஒரு துணைமின்நிலைய வளவில் சில மாதங்களில் இறக்கிவிடலாம். மாலை நேரத்து நான்கு மணித்தியாலங்களுக்குப் பற்றரியும், அதற்கப்பால் மலையும் என்பது என் கணிப்பு.

தென்மேற்குக் கச்சான் காலத்தில் இங்கே வீசும் காற்றைப் பார்த்தால் சூரியனைவிட அதுவே மேல் என்று தோன்றுகிறது.
— மாணவி, கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம்

பதில்: இரவிலும் வீசும் என்பதால் காற்று மாலை உச்சத்துக்கு ஒத்தாசையானது. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட மன்னார்க் காற்றாலைப் பூங்காவின் 30 காற்றாடிகளும் மே முதல் செப்டெம்பர் வரை நன்றாக உழைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், மலைநாட்டு நீர்த்தேக்கங்களுக்கு மழை கொண்டுவருவதும் அதே தென்மேற்குப் பருவம்தான். இரண்டும் சேர்ந்தே வருகின்றன, சேர்ந்தே ஓய்கின்றன. மார்ச், ஏப்ரலில் வெப்பம் கூடி ஏசிகள் ஓடும் நாட்களில் காற்றும் மெலிந்து, குளங்களும் இறங்கியிருக்கும். அப்போது கைகொடுப்பது வெயில்தான்.

சம்பூரில் நிலக்கரி நிலையம் கட்டியிருந்தால் இந்தப் பிரச்சினைகள் வந்திருக்காது என்று சிலர் இப்போது பேசுகிறார்கள்.
— வாசகர், மூதூர் கிழக்கு

பதில்: இந்திய அனல்மின் கழகத்துடன் சேர்ந்து 500 மெகாவாட்டில் கட்டவிருந்த அந்த நிலையம் 2016 இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக 120 மெகாவாட் சூரிய நிலையத்துக்கு 2025 ஏப்ரல் 5 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நிலக்கரி நிலையம் சடத்துவத்தைத் தந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் நண்பகலில் இறங்கி மாலையில் ஏறும் நெகிழ்வை அது தந்திருக்காது. நுரைச்சோலையின் கீழெல்லையே நமக்குத் தொல்லையாக இருக்கும்போது, இன்னொரு கீழெல்லையையும் சேர்த்துக்கொண்டு நின்றிருப்போம். புத்தாண்டு நாட்களில் நிறுத்தச் சொல்லும் கூரைகள் இன்னும் கூடியிருக்கும். நம்முடையதைப் போன்ற சிறிய வலையமைப்பில் ஒரு பெரிய இயந்திரம் திடீரென நிற்பதே மிகப் பெரிய அதிர்ச்சி என்பதையும் மறக்கக் கூடாது.

சடத்துவம் மட்டும் வேண்டுமென்றால் அதற்கு எரிபொருள் தேவையில்லை. மின்சாரம் உற்பத்தி செய்யாமல் வலையமைப்போடு ஒத்துச் சுழன்றுகொண்டு மட்டும் இருக்கும் கனமான இயந்திரங்கள் உள்ளன. தென் அவுஸ்திரேலியா 2021 இல் அத்தகைய நான்கைச் சேர்த்துக்கொண்டு, பாதுகாப்புக்காக எப்போதும் ஓட்ட வேண்டியிருந்த எரிவாயு இயந்திரங்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. அந்த மாநிலமும் 2016 செப்டெம்பர் 28 இல் முழுவதும் இருண்டதுதான். அடுத்த ஆண்டு இறுதியிலேயே ஹோர்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பற்றரியை நிறுவினார்கள். மீடிறன் ஆடத் தொடங்கிய ஒரு விநாடிக்குள் அது தலையிடுகிறது.

எனவே சம்பூரைப் பற்றிக் கேட்க வேண்டியவை வேறு. அங்கே வரும் சூரிய நிலையத்தோடு பற்றரியும் வருமா? அதன் இன்வேட்டர்கள் வலையமைப்பைப் பின்தொடர்பவையா, அல்லது தாமே மீடிறனை உருவாக்கித் தாங்கும் புதிய வகையா? 2006 இல் இடம்பெயர்ந்து, நெடுங்காலம் முகாம்களில் கிடந்து திரும்பிய மக்களின் நிலத்தருகே எழும் நிலையம் என்பதால் இவற்றை வெளிப்படையாகக் கேட்கும் உரிமை உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம்.

மீனவர்களுக்கு ஐஸ் கட்டி வழங்கும் சிறிய தொழிற்சாலை நடத்துகிறேன். பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது என்கிறீர்கள். என் பில்லில் அது தெரியவில்லையே?
— தொழிற்சாலை உரிமையாளர், திருகோணமலை

பதில்: தெரியாது, ஏனென்றால் கட்டண அட்டவணையின் கடிகாரம் பழைய காலத்தில் நிற்கிறது. நேரத்துக்கேற்ற கட்டணத்தில் மிக மலிவான நேரம் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை, மிக விலை கூடியது மாலை 6.30 முதல் 10.30 வரை, மற்ற நேரம் முழுவதும் பகல் கட்டணம். நள்ளிரவில்தான் மின்சாரம் மிஞ்சும் என்ற காலத்தில் வகுத்தது இது. காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் நான்காவது, மலிவான ஒரு நேரப் பகுதி வேண்டும். தென் அவுஸ்திரேலியாவில் 2020 முதல் காலை 10 இலிருந்து பிற்பகல் 3 வரை வலையமைப்புக் கட்டணத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஒரு பற்றரிகூட வாங்காமல் செய்யக்கூடிய சீர்திருத்தம் இது. இத்தனை ஆண்டுகள் தள்ளிப்போட்டதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

உங்கள் தொழில் இதற்கு வெகு பொருத்தமானது. ஐஸ் அச்சுகள் அமிழ்ந்திருக்கும் உப்புக்கரைசல் தொட்டியே ஒரு குளிர்ச் சேமிப்பு. நண்பகலில் கம்ப்ரசரை முழு வலுவில் ஓட்டிக் கரைசலை வழக்கத்தைவிட இரண்டு மூன்று பாகை கூடுதலாகக் குளிர்வித்து வைத்தால், மாலை உச்ச நேரத்தில் கம்ப்ரசரை நிறுத்திவிட்டுக் கலக்கும் மோட்டாரை மட்டும் ஓடவிட்டாலும் உறைதல் தொடரும். தொட்டியின் மரமூடிகளில் இடைவெளி இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். விலை கூடிய நான்கு மணித்தியாலங்களைத் தவிர்ப்பதால் வரும் ஆதாயத்தை இன்றைய கட்டணத்திலேயே காணலாம். நகரத்தின் நீரேற்று நிலையங்கள், கந்தளாய், தம்பலகாமம் அரிசி ஆலைகள், நிலாவெளி விடுதிகளின் சுடுநீர், பகலில் நிழலில் நிற்கும் மின் முச்சக்கர வண்டிகள் என எல்லாவற்றுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

இந்தியாவிலிருந்து கேபிள் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?
— வாசகர், குச்சவெளி

பதில்: மதுரையையும் அனுராதபுரத்தையும் இணைக்கும் நேரோட்ட மின்பாதை பற்றிய பேச்சு மிகப் பழையது, 2025 ஏப்ரலில் அதற்கு ஓர் உடன்படிக்கையும் கைச்சாத்தானது. வந்தால் நண்பகல் மிகுதியை விற்கவும் மாலைக் குறையை வாங்கவும் ஒரு வாசல் திறக்கும். ஆனால் தமிழ்நாட்டுக்கும் நமக்கும் ஒரே சூரியன்தான். நமக்கு மிஞ்சும் நண்பகலில் அவர்களுக்கும் மிஞ்சும். நாம் தேடும் மாலையில் அவர்களும் தேடுவார்கள். நேரோட்டப் பாதை என்பதால் அந்தப் பக்கத்துச் சுழலிகளின் சடத்துவமும் தானாக இந்தப் பக்கம் வந்து சேராது. நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் நிலையங்களை அதற்கென்றே அமைத்தால்தான் மீடிறனுக்கு உதவி கிடைக்கும். உடன்படிக்கையின் நுணுக்கங்கள் எழுதப்படும்போது இந்த உதவியும், மாலை விலை எவ்வளவு என்பதும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.